கத்த மறந்த கார்

மனிதகுல வரலாற்றில் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று வணங்க வேண்டிய நாட்கள் மிகச் சில. சக்கரம் முதன்முதலாக உருண்ட நாள் அதில் ஒன்று. அதற்குச் சற்றும் குறையாத இன்னொன்று, பெங்களூரு ஹலசூர் ஏரியை எட்டிப் பார்த்தபடி நிற்கும் ‘லேக் கிரௌன்’ குடியிருப்பின் பேஸ்மென்டில், சங்கத் தலைவர் கோதண்டராமனின் வெள்ளைக் கார் தன் முதலாளியைப் பார்த்து, ‘புதிய அப்டேட் வந்திருக்கிறது. எச்சரிக்கை ஒலிகள் மாற்றப்படும். ஏற்கிறீர்களா, பிறகு பார்க்கலாமா?’ என்று திரையில் கேட்ட அந்த வியாழக்கிழமை. உள்ளே உட்காருகிறவரிடம் அபிப்பிராயம் கேட்கும் அளவுக்குக் கார்கள் பண்பட்டுவிட்டன. அதே கார் பின்பக்கமாக வந்து இடித்துத் தள்ளிய எல்லம்மாவிடம் இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை.

கேட்டாலும் அவருக்குச் சொல்ல அதிகமில்லை. எல்லம்மா அந்தக் குடியிருப்பில் குப்பைத் தொட்டி வண்டி தள்ளுகிறவர். தொட்டி அவர் தலையை விட உயரம். திங்கட்கிழமை காலை ரிவர்ஸில் வந்த காரின் நிறம் வெள்ளை என்பதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். பேஸ்மென்டில் கண்காணிப்புக் கேமரா உண்டு. அது ஒரு தூணைக் கண்காணித்துக்கொண்டிருந்தது.

“தூண் எங்கயும் தப்பிச்சுப் போகல மேடம்,” என்றான் க்ளென், தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு. “அந்த வரைக்கும் செக்யூரிட்டி பக்கா.”

க்ளென் ஹலசூர்க்காரன். பல வருடம் டாக்ஸி ஓட்டியவன். எந்த வண்டியையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும், வாயைத் தவிர. அவனை உதவியாளனாக வைத்துச் சமாளிக்கும் பெருமை வேதநாயகியைச் சேரும். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து கிளெய்ம்களைத் துருவித் துருவி, மனிதன் எந்த வாக்கியத்தில் மூச்சை இழுக்கிறான் என்று பார்த்தே காலம் தள்ளிவிட்டு, இப்போது சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார்.

அந்த மாடிக்குத்தான் காலையில் ஜானகி மூச்சிரைக்க ஏறி வந்திருந்தாள். அவள் கணவன் முனியப்பன் கோதண்டராமனின் டிரைவர்.

“நான்தான் இடிச்சேன்னு எங்கூட்டுக்காரரே சொல்லிட்டாரு மேடம். சரி, தப்பு நடந்துபோச்சு, கேஸ் வரும், ஃபைன் கட்டலாம்னு மனச தேத்திக்கிட்டேன். ஆனா அந்த ஓனரு, வண்டி கீ கீன்னு கத்துச்சு, இவன் போன நோண்டிக்கிட்டு கண்டுக்காம விட்டான்னு போலீஸ்ல சொல்லியிருக்காரு. அப்படின்னா உள்ள போட்ருவாங்களாம். லைசென்ஸும் போயிருமாம்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“வண்டி கத்தவே இல்லன்றாரு. அத்தோட வாய மூடிக்கிட்டாரு. நான் எது கேட்டாலும் சோத்த பெசஞ்சிக்கிட்டே இருக்காரு.”

சப்-இன்ஸ்பெக்டர் பிரபா அன்று மத்தியானம் காரை எடுத்துப் போக வருவதாக இருந்தது. அதோடு காகிதம் எழுதி முடித்துவிடுவார். எழுதி முடித்த காகிதத்தைத் திருத்துவது, ஓடும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுவதைவிடக் கடினம் என்று வேதநாயகிக்குத் தெரியும். ஆகவே இருவரும் இங்கே.

கோதண்டராமன் லிஃப்டிலிருந்து இறங்கி வந்த விதத்தில் பின்னணியில் நாதஸ்வரம் இல்லாத குறை தெரிந்தது. பெரிய கம்பெனிகளுக்குத் ‘தலைமைப் பண்பு’ கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவர் பத்தடி தூரத்தில் வரும்போதே காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் காதுபோல விரிந்து வரவேற்றன.

“பாத்தீங்களா,” என்றார். “என்னை அதுக்குத் தெரியும். இது வெறும் வண்டி இல்ல. இது ஒரு விழிப்புணர்வு. பின்னால ஒரு பூனை போனாலும் சொல்லும். இந்த அபார்ட்மென்ட்ல பாதிப் பேர் நான் சொல்லித்தான் இதே மாடல் வாங்கினாங்க.”

“பிரேக்கும் அதுவே போடுமா சார்?” என்றான் க்ளென்.

“ரிவர்ஸ்ல போடாது. எச்சரிக்கும். அதுக்கு மேல மனுஷன் கேக்கணும். முனியப்பன் கேக்கல. அவ்வளவுதான் விஷயம். வேணும்னா இப்பவே காட்டறேன்.”

காட்டினார். அதாவது, தாம் தூணோரமாகத் தள்ளி நின்றுகொண்டு மற்றவர்களைக் காட்டவைத்தார். முனியப்பனிடமிருந்து வாங்கி வைத்திருந்த டிரைவர் சாவியைக் க்ளெனிடம் கொடுத்தார். க்ளென் ஏறி ரிவர்ஸ் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்த, வாட்ச்மேன் ஒரு குப்பைத் தொட்டி வண்டியைப் பின்னால் குறுக்கே தள்ளினார்.

கார் கத்தியது. சும்மா இல்லை, குக்கர் விசிலும் ஆம்புலன்ஸும் சேர்ந்து பெற்ற பிள்ளைபோல் கத்தியது. வாட்ச்மேன் தொட்டியை விட்டுவிட்டு ஓடினார்.

“செவிடனுக்கே கேக்கும்,” என்று க்ளென் இறங்கி வந்து முணுமுணுத்தான். “நம்ம பார்ட்டி பொய் சொல்றாப்ல மேடம். ஃபீஸ வாங்கிட்டு வந்திருக்கலாம்.”

வேதநாயகி காருக்குள் குனிந்தார். அவர் கண் காரின் திரையில் இருந்தது. அங்கே அந்த வரலாற்றுக் கேள்வி மின்னிக்கொண்டிருந்தது.

“இது என்ன சார்?”

“அப்டேட். காலைலேர்ந்து கேக்குது. போலீஸ் வர்றதுக்குள்ள போட்டுடுவேன். ஒரு பொருளை ஒப்படைக்கும்போது அப்டேட் பண்ணி ஒப்படைக்கறது ஒரு குடிமகனோட கடமை.”

“என்ன மாறும்னு படிச்சீங்களா?”

கோதண்டராமன் சிரித்தார். வாழ்க்கை முழுவதும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ அழுத்தியே இவ்வளவு உயரம் வந்தவரின் சிரிப்பு அது. அதற்குள் மாடியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே லிஃப்டுக்குள் போனார். க்ளென் காரைப் பூட்டி, டிரைவர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

முனியப்பன் வாட்ச்மேன் கூண்டின் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஜெயிலுக்குப் போனாலும் கசங்காமல் போக வேண்டும் என்ற முடிவோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

“நான்தான் இடிச்சேன் மேடம்,” என்றார், கேட்பதற்கு முன்பே. “எழுதிக்கோங்க. ஜானகி சொல்றது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. அது பயந்த சுபாவம்.”

“எழுதிக்கறேன். வண்டி கத்துச்சு, நீங்க கவனிக்கல. அதையும் எழுதிக்கவா?”

முனியப்பனின் கழுத்து நரம்பு விடைத்தது. “கத்தல.”

“இப்பதான் கத்திச்சே அண்ணா,” என்றான் க்ளென். “என் காதுல இன்னும் கூட்டம் நடக்குது.”

“இப்ப கத்தியிருக்கலாம். அன்னிக்குக் கத்தல. யார் வேணா வரட்டும், எந்தக் கோயில்ல வேணா சூடம் அணைக்கறேன். கத்தல.”

“போன் பேசிட்டிருந்தீங்களா?”

“வண்டியில உக்காந்தா போன சாமி படத்துக்கு முன்னால வெச்சிருவேன். எங்க ஜோகுபாளையத்துல யாரை வேணா கேளுங்க.”

“அப்ப எப்படி இடிச்சீங்க?”

மூச்சை இழுத்தார். “இடிச்சிட்டேன் மேடம். அவ்வளவுதான்.”

வேதநாயகி எழுந்து நாலு எட்டு தள்ளி வந்தார். க்ளென் பின்னாலேயே வந்தான்.

“கொலையை ஒத்துக்கிட்டவன், சட்டையில கறை இருக்குன்னா மட்டும் ஏன் சண்டைக்கு வரான், க்ளென்?”

“சட்டை புதுசா இருக்கும்.”

“இடிச்சேன்னு சொல்றப்ப குரல் செத்துப்போகுது. கத்தலன்னு சொல்றப்ப உயிர் வருது. ரெண்டுல ஒண்ணுதான் அந்த ஆளோட சொந்தச் சரக்கு.”

“கத்தலேன்றது நிஜம்னா வண்டியில கோளாறு. ஆனா வண்டி கத்துதே.”

“ஒரே வண்டி. அன்னிக்குக் கத்தல, இன்னிக்குக் கத்துது. நடுவுல என்ன மாறிச்சு? கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போடு.”

சர்வீஸ் சென்டரில் லாவண்யா என்ற பெண் எடுத்தாள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் திட்டு வாங்கிப் பக்குவப்பட்ட குரல். க்ளென் ஸ்பீக்கரில் போட்டான்.

“போன அப்டேட்ல ஏதாவது மாறிச்சாம்மா? எச்சரிக்கைச் சத்தத்துல?” என்றார் வேதநாயகி.

“மாறிச்சு மேம். நம்ம ஊரு டிராஃபிக்ல வண்டி கத்திக்கிட்டே இருக்கு, பைத்தியம் பிடிக்குதுன்னு ஒரே கம்ப்ளெயின்ட். அதனால ஒவ்வொரு சாவிக்கும் தனி செட்டிங் குடுத்தாங்க. யாரு தன் சாவியோட உக்காந்து ‘அமைதி’ன்னு ஏத்துக்கறாங்களோ, அவங்க ஓட்டறப்ப ரிவர்ஸ் சத்தம் வராது. வேற சாவியில ஓட்டினா வழக்கம்போல கத்தும்.”

“இப்ப வந்திருக்கிற அப்டேட்?”

“அதை எடுத்துட்டாங்க மேம். ஏன் கத்தலன்னு அடுத்த கம்ப்ளெயின்ட். இனிமே எந்தச் சாவியா இருந்தாலும் கத்தும். பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சுடும்.”

“அழிஞ்சா உங்ககிட்ட காப்பி இருக்குமா?”

“இருக்காது மேம். எதுக்கு இருக்கணும்?” லாவண்யா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள். “அப்டேட் போடறப்ப கதவெல்லாம் சாத்தியிருக்கணும். ஒரு கதவு திறந்திருந்தாக்கூட ஆரம்பிக்காது. அதுக்கும் கம்ப்ளெயின்ட் வருது.”

க்ளென் போனைச் சட்டைப்பையில் போட்டபடி மெதுவாகச் சொன்னான். “முனியப்பன் சாவியில கத்துது. அவர் கத்தலன்றார். அப்ப திரும்பவும் அவர்தானே மேடம் பொய்யி?”

“எதுல பொய்?” என்று கேட்டுவிட்டு வேதநாயகி நடையை எட்டிப்போட்டார். தூணைத் தாண்டித் திரும்பியதும் நின்றார். கோதண்டராமன் திரும்பி வந்துவிட்டிருந்தார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஆள்காட்டி விரல் திரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“க்ளென், கதவு.”

க்ளென் ஓடினான். தன் உடம்பில் ஓடும் உறுப்புகள் இருப்பதே அவனுக்கு மறந்துபோய் நாளாகியிருந்தது. கோதண்டராமன் ‘ஏற்கிறேன்’ அழுத்திவிட்டு இறங்கி, கதவைச் சாத்தக் கை வைத்த நேரம், இடைவெளியில் ஒரு பழைய செருப்புக்கால் புகுந்தது. கதவு கால்மேல் வந்து உட்கார்ந்தது.

“அம்மாடி,” என்றான் க்ளென், மரியாதையாக.

திரை, ‘கதவை மூடவும்’ என்றது.

“காலை எடுங்க மிஸ்டர்,” என்றார் கோதண்டராமன். “இது என்ன காட்டுமிராண்டித்தனம்?”

“எடுக்கத்தான் பாக்கறேன் சார். ரொம்ப நாள் கழிச்சு ஏஸி காத்து பட்டிருக்கு, கால் வரமாட்டேங்குது.”

கோதண்டராமன் கதவை அழுத்தினார். படித்தவர் அழுத்துகிற அழுத்து அல்ல அது. க்ளெனின் முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டியது. காலை மட்டும் இழுக்கவில்லை. அந்தக் கதவு சாத்தினால் பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர் சிறைக்குப் போவார் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது. எப்படி என்பது இன்னும் புரியவில்லை.

“ஏன்ரீ இது?” என்று கன்னடத்தில் ஒரு குரல் சரிவுப்பாதையிலிருந்து வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பிரபா, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் ஜானகி. “வண்டி எடுக்க வந்தா, இங்க கால் நசுக்கற டூட்டி நடக்குது. யாரு நீங்க?”

வேதநாயகி சொன்னார். பிரபா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், டிரைவர் ஒத்துக்கிட்டான். முடிஞ்சுபோன கேஸு. சும்னே டைம் வேஸ்ட்.”

“பத்து நிமிஷம் கொடுங்க. கோதண்டராமன் சாரோட சாவியில ஒருதடவை வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பாக்கணும். அவ்வளவுதான். அதுக்கு முன்னால இந்த அப்டேட் போகக் கூடாது.”

“என் சாவி எதுக்கு?” கோதண்டராமன் கதவிலிருந்து கையை எடுத்தார். பேச்சு என்று வந்துவிட்டால் அவருக்கு இரண்டு கையும் வேண்டும். “சம்பவம் நடந்தது முனியப்பன் சாவியில. இன்ஸ்பெக்டர் மேடம், நான் ஒரு சிஸ்டம் வெச்சிருக்கேன். டிரைவருக்கு டிரைவர் சாவி, எனக்கு என் சாவி. என் சாவி என் கையை விட்டுப் போனதில்ல. என் மனைவிகூடத் தொட்டதில்ல. முனியப்பன் அதைக் கண்ணால பாத்திருக்கானோ என்னவோ.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அவர் ஒருநாள்கூட உங்க சாவியில ஓட்டினதில்ல?”

“ஒருநாள்கூட இல்ல. எழுதிக் கொடுக்கட்டுமா?”

“வேண்டாம். எஸ்.ஐ. மேடம் காதுல விழுந்தா போதும். சாவியைக் கொடுங்க.”

“மாடியில லாக்கர்ல இருக்கு. வீட்டுல யாரும் இல்ல.”

வேதநாயகி காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். “சாவி பக்கத்துல வந்தாத்தான் இது விரியும். முதல்தடவை நீங்க லிஃப்டுலேர்ந்து வந்தப்ப விரிஞ்சுது. அப்ப ‘என்னை அதுக்குத் தெரியும்’னீங்க. உங்க முகத்தைப் பாத்து விரியற அளவுக்கு அது இன்னும் முன்னேறல. பேன்ட் பாக்கெட்டைப் பாத்து விரிஞ்சுது.”

“அப்ப டிரைவர் சாவியும் இவர்கிட்டதானே மேடம் இருந்துச்சு,” என்றான் க்ளென், காலைத் தேய்த்துக்கொண்டே, உண்மைக்கு விசுவாசமாக.

“இருந்துச்சு. இப்ப அது உன்கிட்ட இருக்கு. ஆனா இவர் ரெண்டாந்தடவை கீழ வந்து வண்டியைத் திறந்து உக்காந்து திரையைத் தட்டியிருக்காரே. எதை வெச்சுத் திறந்தார்?”

க்ளென் தன் பையைத் தடவினான். டிரைவர் சாவி அங்கேயே இருந்தது.

பிரபா கையை நீட்டினார். அந்தக் கை அப்படியே காற்றில் இருந்தது. கோதண்டராமன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார்.

பிரபாவே ஏறினார். திரையில் அப்டேட் காத்துக் காத்துச் சலித்து, ‘பிறகு முயலவும்’ என்று ஏற்கெனவே தானே விலகியிருந்தது. க்ளென் டிரைவர் சாவியோடு சரிவுப்பாதை முனைக்கு நொண்டிக்கொண்டே போய் நின்றான். வாட்ச்மேன் இந்த முறை வர மறுத்துவிட்டார். ஆகவே முனியப்பனே தொட்டி வண்டியைப் பிடித்தார். ஜானகி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கார் பின்னால் நகர்ந்தது. முனியப்பன் தொட்டியைக் குறுக்கே தள்ளினார்.

சத்தம் இல்லை.

இன்னும் நகர்ந்தது. தொட்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஜானகி கண்ணை மூடினாள். பிரபா பிரேக்கை அழுத்தினார். பேஸ்மென்டில் எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. கார் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிரபா இறங்கி வந்து, காரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், கோதண்டராமனைப் பார்த்தார்.

“வண்டியில கோளாறு,” என்றார் கோதண்டராமன். குரல் மெலிந்திருந்தது.

“வண்டியில ஒரு கோளாறும் இல்ல,” என்றார் வேதநாயகி. “முனியப்பன் சாவியில கத்தும். உங்க சாவியில கத்தாது. போன அப்டேட்ல ‘அமைதி’ வேணுமான்னு உங்களைக் கேட்டுது, படிக்காம ஏத்துக்கிட்டீங்க. திங்கட்கிழமை கத்தலன்னு முனியப்பன் சொல்றார். அப்ப அன்னிக்கு வண்டியில இருந்தது உங்க சாவி. அதை வேற யாரும் தொட்டதே இல்லன்னு இப்பதான் சொன்னீங்க.”

க்ளென் முனையிலிருந்தே தலையைச் சொறிந்தான். “அப்ப ஓட்டினதே…”

“ஆமா.”

முனியப்பன் தொட்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். அதன் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். பிறகுதான் பேசினார். “சார் மீட்டிங்குக்கு லேட்டுன்னு கத்துனாரு. சாப்பாட்டுப் பைய மேல விட்டுட்டேன், எடுத்துட்டு வரதுக்குள்ள அவரே வண்டிய எடுத்துட்டாரு. நான் லிஃப்டுலேர்ந்து வெளிய வரேன், கண்ணாடி எறக்கியிருந்துச்சு, ஒரு சத்தமும் வரல. எல்லம்மா அலறினதுதான் கேட்டுச்சு.”

“எதுக்குய்யா நீ தலையைக் கொடுத்த?” என்றார் பிரபா.

“எம்பையனுக்குக் கம்பெனியில வேலை போட்டுத் தரேன்னாரு. டிரைவர் ஏத்துக்கறதுதானே மேடம், எல்லா எடத்துலயும் நடக்கறது.”

“பாவி மனுசா,” என்றாள் ஜானகி. “எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“அவ்வளவையும் ஏத்துக்கிட்ட ஆளு, அந்தச் சத்தத்தையும் சேத்து ஏத்துக்கிட்டிருக்கலாமே அண்ணா,” என்றான் க்ளென்.

முனியப்பன் அவனை ஒரு பார்வை பார்த்தார். “இடிக்கிறது யாருக்கும் ஆகும் தம்பி. கத்துற வண்டியில காத மூடிக்கிட்டு ஓட்டினவன்னு எம்பேர்ல எழுதினா, நான் டிரைவரே இல்லன்னு அர்த்தம். அத எப்படி ஏத்துக்கறது?”

கோதண்டராமன் கார்மேல் சாய்ந்து நின்றார். “எனக்குத் தெரியவே தெரியாது, அது கட் ஆயிருக்குன்னு. நான் அந்தப் பதட்டத்துல கவனிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டேன். இந்த வண்டி கத்தாம இருக்காதே…”

“‘டிரைவர் இடிச்சான்’னு மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தா நான் இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டேன் சார்,” என்றார் வேதநாயகி. “காரோட மானத்தையும் சேத்துக் காப்பாத்தப் போனீங்க.”

பிரபா அங்கேயே, காரின் முகப்பில் காகிதத்தை விரித்து, முனியப்பன் பெயரை அடித்தார். கோதண்டராமனின் லைசென்ஸைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “ஆய்த்து, நடங்க,” என்றார். தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பவர் தலை குனிந்து சரிவுப்பாதையில் ஏறினார். ஜானகி அழுதாள், பிறகு கணவனை முதுகில் ஒரு சாத்து சாத்தினாள், மறுபடி அழுதாள். உண்மை என்பது எத்தனை சாவி போட்டுப் பூட்டினாலும் ஒருநாள் வெளியே வந்தே தீரும் என்றும், ஏழையின் ரோஷத்துக்கு முன்னால் எந்தத் தொழில்நுட்பமும் நிற்காது என்றும் க்ளென் நொண்டிக்கொண்டே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினான். வேதநாயகியே ஒருகணம் கேட்டுக்கொண்டு நின்றார்.

லைசென்ஸ் இல்லாத கோதண்டராமனுக்கு ஒரு டிரைவர் தேவைப்பட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை முனியப்பன் அதே வேலைக்குப் போனார்.